காற்றோடும் மலையோடும் ஓடுவோர்

மட்டக்களப்பு வாவி, வடக்கே பங்குடாவெளிப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்முனைப் பக்கம் வரையில், ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலோடு இணையாகக் கிடக்கின்றது. அதன் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் முன்னோர் பெயரிட்டனர். இவ்விரு கரைகளிலும் துவிச்சக்கரவண்டி பழகாத பிள்ளையைக் காண்பது அரிது. வயலுக்குப் போகும் மண்வெட்டியும், வாவியிலிருந்து வரும் மீன்பெட்டியும், ஆலைக்குப் போகும் நெல்மூடையும், பள்ளிக்கூடத்துக்குப் போகும் தங்கையும் சைக்கிளின் பின் கரியரிலேதான் பயணஞ் செய்து வந்திருக்கின்றன. ஆயினும் இந்தச் சைக்கிளோட்டிகள் அறியாத ஒன்றுண்டு. அது மலை. அவர்கள் தம் வாழ்நாளிலே கண்ட ஏற்றம் பெரும்பாலும் பாலத்தின் ஏற்றமே. 1924 இல் எழுந்த கல்லடிப் பழைய பாலமாயினும் சரி, 2013 இல் அதன் அருகே திறக்கப்பட்ட புதிய பாலமாயினும் சரி, நாலு மிதி மிதித்தால் ஏற்றம் முடிந்துவிடும். பின்பு வாவிக் காற்று முகத்தில் அடிக்கும்.

இத்தகைய சமவெளியிலே வாழ்பவர் ஒருவர், ஆடி மாதத்திலே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து, பிரான்ஸ் தேசத்தைச் சுற்றி நடக்கும் டூர் டி பிரான்ஸ் என்னும் மாபெரும் சைக்கிளோட்டத்தைப் பார்க்கிறார் என வைத்துக்கொள்வோம். முதல் நாள் நூற்றெழுபதுக்கு மேற்பட்ட வீரர்கள் தேனீக் கூட்டம் போல மணிக்கு 45 கிலோமீற்றர் வேகத்திலே பறக்கின்றனர். சில நாள் கழித்து அதே வீரர்கள், அதே வண்டிகளிலே, வாய் திறந்து, தோள் குலுங்கி, மணிக்கு 20 கிலோமீற்றரில் ஊர்கின்றனர். அன்று பின்னேரமே மீண்டும் அவர்கள் மணிக்கு 90 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்திலே சரிந்து விழுவது போல இறங்குகின்றனர். இவற்றுள் எது அவர்களுடைய உண்மையான வேகம்? 45 ஆ, 20 ஆ, 90 ஆ? கேள்வி எளிமையானது, விடை அவ்வளவு எளிமையானதன்று.

விடை தேடுவதற்குப் பிரான்ஸ் வரை செல்லவேண்டிய அவசியமும் இல்லை. செங்கலடிச் சந்தியிலே நின்றால் போதும். மட்டக்களப்பார் பதுளை வீதி என்று வழங்கும் வீதி அங்கேதான் கடற்கரைப் பெருவீதியை விட்டுப் பிரிந்து மேற்கே திரும்புகின்றது. அரசாங்கக் கணக்கிலே ஏ 5 என்னும் இலக்கம் பெற்ற அவ்வீதி, கரடியனாற்று வயல்வெளிகளைத் தாண்டி, வெந்நீர்க் கிணறுகளுக்குப் பெயர்பெற்ற மகா ஓயாவைக் கடந்து, பிபிலைக்கு அப்பால் மலை ஏறத் தொடங்குகின்றது. லுணுகலை, பசறை வழியாகப் பதுளையை அடையும்போது கடல்மட்டத்திலிருந்து 680 மீற்றர் அளவு உயர்ந்துவிடுகின்றது. அங்கும் நிற்பதில்லை, வெலிமடை, ஹக்கலை வழியாக 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஏறி, பின்பு றம்பொடை, புசல்லாவை, கம்பளை என்று வளைந்து வளைந்து பேராதனைக்கு இறங்குகின்றது. சமவெளி, ஏற்றம், இறக்கம் என்னும் மூன்றும் ஒரே வீதியிலே அமைந்த பாடப்புத்தகம் அது. ஐரோப்பிய வீரர் ஒருவரை மனத்தளவிலே செங்கலடியிலிருந்து புறப்படவிட்டுப் பார்க்கலாம்.

செங்கலடியிலிருந்து மலையடிவாரம் வரை அவருக்கு ஒரே பகைவன்தான் உண்டு, அது காற்று. காற்று என்றால் வீசும் காற்று மாத்திரமன்று. இலை அசையாத நாளிலும், வண்டி முன்னேறும்போது எதிரேயுள்ள காற்றை உடைத்துக்கொண்டுதான் செல்லவேண்டும். இதிலே ஒரு கொடிய கணக்கு இருக்கின்றது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அந்தத் தடையை அந்த வேகத்திலே வெல்ல வேண்டிய வலுவோ எட்டு மடங்காகும். சாதாரண சைக்கிளிலே நிமிர்ந்திருந்து மணிக்கு 20 கிலோமீற்றர் ஓடும் ஒருவர் ஏறத்தாழ 100 வாட் வலுவைச் செலவிடுகிறார். பழைய மின்குமிழ் ஒன்று எரியத் தேவையான அளவு. அவர் 40 ஓட எண்ணினால் அத்தகைய மின்குமிழ் இரண்டு போதாது; ஆறு ஏழு வேண்டும். அவ்வளவு வலுவை ஓரிரு நிமிடத்துக்குமேல் தரவல்ல கால்கள் உலகத்திலேயே சிலருக்குத்தான் உண்டு. ஆகவேதான் வீரர்கள் முதுகை வளைத்து, முழங்கையை ஒடுக்கி, தம்மைக் காற்றுக்குச் சிறிதாக்கிக்கொள்கின்றனர். சமவெளியிலே கால் பலம் பாதி. உடம்பின் ஒடுக்கம் பாதி.

தனி ஒருவர் சமவெளியிலே எவ்வளவுதான் ஓட முடியும் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. மூடிய வட்ட ஓடுபாதையிலே ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு தூரம் ஓடலாம் என்பதே அச்சோதனை. பெல்ஜியத்து எடி மெர்க்ஸ் 1972 இல் மெக்சிக்கோ நகரத்திலே 49.431 கிலோமீற்றர் ஓடினார். 2,200 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலே காற்று அடர்த்தி குறைந்திருக்கும் என்பதனாலேயே அவர் அவ்வளவு தூரம் கடல் கடந்து சென்றார். ஓடி முடித்தபின் இத்தகைய வேதனையை இரண்டாம் முறை அனுபவிக்க அவர் விரும்பவில்லை. 2022 ஒக்டோபரில் இத்தாலியின் பிலிப்போ கன்னா, காற்றை ஏமாற்றுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட வண்டியிலும் ஆடையிலும், 56.792 கிலோமீற்றர் ஓடினார். ஐம்பது ஆண்டுகளிலே ஏழு கிலோமீற்றர் கூடியிருக்கிறது. மனிதக் கால்கள் அந்த அளவுக்கு மாறிவிடவில்லை. காற்றை வகுந்து செல்லும் வித்தைதான் பெருகியிருக்கின்றது.

கூட்டமாக ஓடும்போதோ நிலைமை முற்றிலும் வேறு. மாலை வேளைகளிலே வாவிக்கு மேலாக நீர்க்காகங்கள் அணிவகுத்துத் தங்குமிடம் நோக்கிப் பறப்பதை இருகரையாரும் கண்டிருப்பர். முன்னது உடைத்த காற்றிலே பின்னது இலேசாக வருகின்றது. சைக்கிள் வீரரும் அவ்வாறே. முன்னே செல்பவரின் சக்கரத்தோடு சக்கரம் ஒட்டிக்கொண்டு ஓடினால், மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். நெதர்லாந்தின் ஐண்ட்ஹோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேர்ட் புளொக்கன் என்னும் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 121 வீரர்கள் கொண்ட கூட்டமொன்றை ஆராய்ந்து, 2018 இல் முடிவை வெளியிட்டனர். கூட்டத்தின் நடுவே, பிற்பகுதியிலே ஒளிந்திருக்கும் வீரர், தனியே ஓடுபவர் எதிர்கொள்ளும் காற்றுத் தடையிலே நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கை மாத்திரமே எதிர்கொள்கிறார் என்று அவர்கள் கண்டனர். வெளியே மணிக்கு 50 கிலோமீற்றர் வேகம். உள்ளே இருப்பவருக்கோ திருவிழாவுக்குப் போவது போன்ற சுகம். கதை பேசிக்கொண்டும், வாழைப்பழம் உரித்துத் தின்றுகொண்டும் அவர்கள் அவ்வேகத்திலே செல்வதன் இரகசியம் இதுதான். கூட்டத்தை விட்டு ஒருவர் தனியே முன்னேறி ஓடும்போது பார்ப்போர் ஆரவாரிப்பதும், பெரும்பாலும் அவர் இறுதியிலே பிடிபட்டுவிடுவதும் இதனாலேயே.

அந்தக் கூட்டத்தின் பின்னே காற்றும் சேர்ந்து தள்ளினால் கேட்கவேண்டியதில்லை. 1999 ஜூலையில் லவால் என்னும் ஊரிலிருந்து புளோவா என்னும் ஊர் வரை 194.5 கிலோமீற்றர் தூரத்தை, பின்காற்றின் துணையோடு, கூட்டம் மணிக்கு 50.355 கிலோமீற்றர் சராசரியிலே கடந்தது. வென்றவர் இத்தாலியின் மாரியோ சிப்பொலினி. முடிவுக்கோட்டுக்கு அண்மையிலே இத்தகைய வேகவீரர்கள் கடைசி இருநூறு மீற்றரைப் பாயும் பாய்ச்சல் மணிக்கு 70 கிலோமீற்றரையும் தொடும். அது பத்துப் பன்னிரண்டு வினாடிக் காரியம். அதற்குமேல் உடம்பு தாங்காது.

இப்பொழுது நம் வீரர் பிபிலையைத் தாண்டிவிட்டார். வீதி நிமிர்கின்றது. கூட்டத்தில் ஒளிந்திருந்த சுகம் கரைகின்றது. வேகம் குறையக் குறையக் காற்று ஒரு பொருட்டாக இல்லாமற் போகின்றது. அதற்குப் பதிலாகப் பூமி அவரைப் பிடித்து இழுக்கின்றது. காற்றை ஏமாற்றலாம், பாரத்தை ஏமாற்ற வழியில்லை. ஒருவருடைய நிறை 60 கிலோகிராம், வண்டியும் பிறவும் 8 கிலோகிராம் என்று கொள்வோம். சர்வதேச விதிப்படி வண்டி 6.8 கிலோகிராமுக்குக் குறையவும் கூடாது. வீதி 8 சதவீதச் சரிவு, அஃதாவது நூறு மீற்றர் முன்னே செல்ல எட்டு மீற்றர் மேலே செல்லவேண்டும். அவ்வீதியிலே மணிக்கு 20 கிலோமீற்றர் ஏறுபவர், ஒரு மணித்தியாலத்தில் தம்மையும் வண்டியையும் 1,600 மீற்றர் உயரத்துக்குத் தூக்கிவிடுகிறார். அவ்வண்ணம் இடைவிடாது ஏறும் பாதை ஒன்றிருந்தால், கடல்மட்டத்திலிருந்து நுவரெலியா உயரத்தை எட்ட அவருக்கு எழுபது நிமிடம் போதும். இந்தத் தூக்கு வேலைக்கு மாத்திரம் 300 வாட் வலு வேண்டும். உருளும் தடையையும் எஞ்சிய காற்றுத் தடையையும் சேர்த்தால் 340 க்கு மேலாகும். தொலைக்காட்சியிலே ஊர்வது போலத் தோன்றியவர் உண்மையிலே செய்துகொண்டிருந்தது இந்த வேலையைத்தான். முந்திய நாள் கூட்டத்தின் நடுவே 45 இல் பறந்தபோது அவர் இதிற் பாதியும் உழைத்திருக்கமாட்டார்.

பிரான்சின் ஆல்ப்ஸ் மலையிலே அல்ப் டுயே என்று ஓர் ஏற்றம் உண்டு. 13.8 கிலோமீற்றர் நீளம். 8 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட சராசரிச் சரிவு. 21 கொண்டை ஊசி வளைவுகள். டூர் டி பிரான்ஸ் முதன்முதலாக அங்கே ஏறியது 1952 இல். அன்று இத்தாலியின் பவுஸ்தோ கொப்பி 45 நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட நேரத்திலே உச்சியை அடைந்தார். மணிக்கு 18 கிலோமீற்றர் அளவு. 1997 இல் அவருடைய நாட்டவரான மார்க்கோ பந்தானி 37 நிமிடம் 35 வினாடியில் ஏறினார் என்பர்; அது மணிக்கு 22. எங்கிருந்து அளப்பது என்பதில் வாதம் உண்டு. அதைவிடப் பெரிய வாதம், அக்காலத்து வீரர் பலருடைய குருதியிலே என்ன கலந்திருந்தது என்பது. அந்தக் கறை படிந்த பத்தாண்டின் நேரங்களைப் புகழ்வதற்கு யாருக்கும் மனம் முழுதாக ஒப்புவதில்லை. 2024 ஜூலை 14 இல், பிரனீஸ் மலையின் பிளட்டோ டி பெய் என்னும் 15.8 கிலோமீற்றர் ஏற்றத்தை, ஸ்லொவேனியா நாட்டு ததெய் பொகாச்சர் 40 நிமிடத்துக்குச் சற்றுக் குறைய ஏறி, 1998 இல் பந்தானி அங்கே பதித்திருந்த நேரத்தை மூன்று நிமிடத்துக்கு மேலாகக் குறைத்தார். அதுவும் மணிக்கு 24 கிலோமீற்றரை எட்டவில்லை. உலகத்தின் தலைசிறந்த மலைவீரர் தம் வாழ்நாளின் மிகச் சிறந்த நாளொன்றிலே ஓடிய வேகம், கல்லடிப் பாலத்திலே வேலைக்கு நேரமாகிவிட்ட இளைஞர் ஒருவர் எட்டி மிதிக்கும் வேகந்தான்.

வேகத்தைக்கொண்டு உழைப்பை அளக்கக்கூடாது என்பதை மட்டக்களப்பார் அறியாதவரும் அல்லர். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாக்களிலே மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி வைப்பார்கள். கால் நிலத்திலே படாமல், வண்டி நில்லாமல், எல்லாருக்கும் பின்னாலே வந்து சேர்பவரே வெற்றியாளர். பார்ப்போர் சிரிப்பர், ஓடுபவருக்கோ நெற்றி வியர்க்கும். மலை வீரரின் மெதுமை வேறு வகையினது என்றாலும், அந்த வியர்வை இதற்கு உறவுதான்.

மலையிலே பாரத்தின் கணக்கு மிக நுட்பமானது. ஒரு கிலோகிராம் மேலதிக நிறை, நாற்பது நிமிட ஏற்றத்திலே ஏறக்குறைய அரை நிமிடத்தைத் தின்றுவிடும். அரை நிமிடம் என்ன பெரிது என்று கேட்கலாம். 1989 இல் அமெரிக்காவின் கிரெக் லெமொண்ட், மூவாயிரத்து இருநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஓட்டத்தின் முடிவிலே, லோரான் பிஞ்ஞோனை வென்றது எட்டே வினாடியால். ஆதலின் மலைவீரர் எலும்பும் தோலுமாக இருக்கின்றனர். சமவெளியில் பாயும் வேகவீரரோ தொடை பெருத்து, தோள் அகன்று, பாரம் மிக்கவராக இருக்கின்றனர். சமவெளி கொடுத்த வரத்தையே மலை சாபமாக மாற்றிவிடுகின்றது.

இங்கே ஒரு சிறு கணக்குச் செய்து பார்க்கலாம். கணக்கென்றதும் நேயர்கள் வானொலிப் பெட்டியை மூடிவிட வேண்டாம். இது ஆறாம் வகுப்புக் கணக்குத்தான். ஒருவர் 30 கிலோமீற்றர் தூரம் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்திலே மலை ஏறுகிறார். மறுபக்கம் 30 கிலோமீற்றர் தூரம் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திலே இறங்குகிறார். அவருடைய சராசரி வேகம் என்ன? இருபதும் அறுபதும் எண்பது. பாதி நாற்பது என்று வகுப்பில் பாதிப் பேர் கையை உயர்த்துவர். நாற்பதன்று, முப்பது. ஏறுவதற்கு ஒன்றரை மணித்தியாலம், இறங்குவதற்கு அரை மணித்தியாலம்; 60 கிலோமீற்றருக்கு இரண்டு மணித்தியாலம். இன்னும் ஒரு படி மேலே போகலாம். இறங்கும்போது அவர் சைக்கிளிலே இறங்காமல், அனுமானைப் போல உச்சியிலிருந்து ஒரே தாவலாகத் தாவி, நேரமே செலவாகாமல் அடிவாரத்தை அடைந்துவிடுகிறார் என்று வைத்துக்கொண்டாலும் சராசரி நாற்பதுதான் வரும். ஏற்றத்திலே இழந்த நேரத்தை இறக்கத்திலே மீட்டுக்கொள்ளலாம் என்பது எல்லாச் சைக்கிளோட்டிகளுக்கும் தோன்றும் ஆசை. மீட்க முடியாது. மெதுவாகச் சென்ற பகுதியே நாளின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றது. பெரிய ஓட்டங்கள் மலையிலே வெல்லப்படுவதும் தோற்கப்படுவதும் இதனாலேயே. வேகம் அதிகமுள்ள இடத்தில் அன்று, குறைந்த இடத்திலே.

ஆயினும் இழந்ததை மீட்கும் ஆசை, கணக்குச் சொல்லிக் கேட்பதில்லை.

நம் வீரர் நுவரெலியாவைத் தாண்டிவிட்டார். றம்பொடைச் சரிவு அவருக்குக் கீழே விரிந்து கிடக்கின்றது. தேயிலைத் தோட்டங்களின் நடுவே பாதை மடிந்து மடிந்து இறங்குகின்றது. பேராதனை வரை 1,300 மீற்றருக்கு மேற்பட்ட இறக்கம். இப்போது கால்களுக்கு வேலையில்லை. இழுத்துப் பிடித்த பூமியே இப்போது தள்ளிவிடுகின்றது. ஐரோப்பிய மலைகளிலே வளைவு மலிந்த இறக்கத்தை வீரர்கள் மணிக்கு 60, 70 கிலோமீற்றர் சராசரியிலே கடக்கின்றனர். நேரான இடங்களிலே 90 ஐத் தாண்டுகின்றனர். சில வேளைகளில் 100 ஐயும். அவ்வேகத்திலே அவர்களைத் தரையோடு பிணைத்திருப்பது, இரண்டு சக்கரங்களுக்கும் கீழே, நாணயம் ஒன்றின் அகலத்துக்குச் சற்று மேற்பட்ட இரண்டு றப்பர்த் துண்டுகளே.

2016 இல் இங்கிலாந்தின் கிறிஸ் புறூம், பேரசூர்த் என்னும் மலையிலிருந்து இறங்கும்போது இருக்கையை விட்டு முன்சட்டத்தின்மேல் குந்தி, மார்பைக் கைபிடியிலே பதித்துக்கொண்டு, அந்நிலையிலும் மிதித்துச் சென்று, 13 வினாடி முன்னதாக வந்து வென்றார். உலகத்துப் பிள்ளைகளெல்லாம் அதைப் பார்த்துப் பழகத் தொடங்கினர். 2021 ஏப்பிரலிலிருந்து சர்வதேச சைக்கிளோட்டச் சங்கம் முன்சட்டத்தில் அமர்வதைத் தடை செய்துவிட்டது. தடை செய்ததிலே பிழையில்லை. பிந்திச் செய்தது என்பதே குறை.

ஏனெனில் இறக்கம் உயிர் கேட்கும். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இத்தாலியின் பபியோ கசார்த்தெல்லி, 1995 ஜூலை 18 இல், டூர் டி பிரான்சின் போர்த்தே டாஸ்பே இறக்கத்திலே விழுந்து இறந்தார். அன்று அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. மறுநாள் எந்த வீரரும் போட்டியிடவில்லை. எல்லாரும் ஒருசேர நெடுந்தூரம் ஓடி, இறந்தவருடைய குழுத் தோழர்களை முன்னே விட்டு முடிவுக்கோட்டைக் கடந்தனர். தலைக்கவசம் கட்டாயமானது 2003 இல். அதற்கும் இன்னொரு வீரர் இறக்கவேண்டியிருந்தது. 2023 ஜூனில் சுவிற்சர்லாந்தின் ஜீனோ மேடர், அல்புலா மலையிறக்கத்திலே பள்ளத்தில் வீழ்ந்து மறுநாள் உயிர் நீத்தார். அவருக்கு வயது 26. அவர் தலைக்கவசம் அணிந்திருந்தார்.

நம் மலைவீதிகளும் இவ்விதத்திலே இரக்கமுள்ளவை அல்ல. இதே நுவரெலியா கம்பளை வீதியிலே, கொத்மலைப் பக்கம் கரண்டியெல்லை என்னுமிடத்தில், 2025 மே 11 அதிகாலை பஸ் ஒன்று பள்ளத்திலே பாய்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்ததை இலங்கை மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். நம் கற்பனை வீரரை அவ்விறக்கத்திலே வேகமாக ஓடவிட மனம் வரவில்லை. அவர் தடுப்பை அழுத்திக்கொண்டு மெல்லப் பேராதனைக்குப் போய்ச் சேரட்டும்.

இனி, டூர் டி பிரான்சின் முன்வரிசையை விட்டுப் பின்வரிசையைப் பார்ப்போம். தொலைக்காட்சி அதிகம் காட்டாத இடம் அது. மலைநாளிலே வேகவீரர்கள் எல்லாருக்கும் பின்னே ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டமாக ஏறுவர். பிரெஞ்சுக்காரர் அக்கூட்டத்தைப் பஸ் என்றே அழைக்கின்றனர். வெல்வது அவர்களுடைய நோக்கமன்று. காலக்கெடுவுக்குள் வந்து சேர்வதே நோக்கம். ஒவ்வொரு நாளும் முதலில் வந்தவருடைய நேரத்தின்மேல் இத்தனை சதவீதம் என்று ஒரு கெடு உண்டு. அதற்குப் பிந்தி வருபவர் ஓட்டத்திலிருந்து நீக்கப்படுவார்.

சமவெளியிலே ஒப்பற்ற வேகவீரரென்று போற்றப்பட்ட பிரித்தானியர் மார்க் கவென்டிஷ், 2018 இல் லா றோசியேர் என்னும் மலையூரிலே முடிந்த ஓட்டத்தின்போது, தோழர்கள் கைவிட்டுப் போன நிலையிலே, தன்னந்தனியே ஏறி, வென்றவருக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தி வந்தார். கெடு முடிந்து நெடுநேரமாகியிருந்தது. நீக்கப்படுவோம் என்பது ஏறும்போதே அவருக்குத் தெரியும். ஆயினும் வண்டியை விட்டு இறங்கிக் காரிலே ஏறாமல், முடிவுக்கோடு வரை மிதித்தே வந்தார். அதே மனிதர் 2024 ஜூலை 3 இல், சமவெளி ஓட்டமொன்றிலே, தம் முப்பத்தைந்தாவது வெற்றியைப் பெற்று, எடி மெர்க்ஸ் வைத்திருந்த முப்பத்துநான்கு என்னும் எண்ணைத் தாண்டினார். டூர் டி பிரான்சின் வரலாற்றிலே மிகுதியான நாள்வெற்றி பெற்றவரும் அவரே. பிந்தி வந்தமைக்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவரும் அவரே.

அந்தக் காலக்கெடு விதியிலே ஒரு நியாயம் இருப்பதைக் கவனிக்கவேண்டும். கெடு எல்லா நாளுக்கும் ஒன்றன்று. சமவெளி நாளுக்குக் குறைந்த சதவீதம். மலைநாளுக்குக் கூடிய சதவீதம். அன்றைய வீதி எத்துணைக் கடினம், வென்றவர் எத்துணை விரைவாக ஓடினார் என்று பார்த்தே கெடு கணிக்கப்படுகின்றது. புயலோ விபத்தோ வந்தால் நடுவர்கள் அதையும் தளர்த்தலாம். பொருளும் புகழும் புரளும் போட்டி அது. இருந்தும் மணிக்கூட்டைப் பார்ப்பதற்கு முன் வீதியைப் பார்க்கின்றனர்.

மட்டக்களப்பிலே மலை இல்லை என்று தொடக்கத்திலே சொல்லப்பட்டது. அது முழு உண்மையன்று. அங்கேயும் ஒரு மலை உண்டு. கண்ணுக்குத் தெரியாத மலை. ஆண்டின் நடுப்பகுதியிலே மத்திய மலைநாட்டைக் கடந்து இறங்கி, நீர்ப்பசையற்று, அனல் போல மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஒன்று. கச்சான் என்றால் நிலக்கடலை என்று மாத்திரம் அறிந்த கொழும்புத் தமிழர், ஓராடி மாதம் மட்டக்களப்புக்கு வந்து அதன் மறுபொருளை அறிந்துகொள்ளலாம். மார்கழி தை மாதங்களிலே வடகிழக்கிலிருந்து மழையோடு வரும் வாடை மற்றொன்று. காற்றில்லாத நாளிலே 100 வாட் உழைத்து மணிக்கு 20 கிலோமீற்றர் ஓடுபவர், மணிக்கு 20 கிலோமீற்றர் வேகமுள்ள எதிர்க்காற்றிலே அதே உழைப்பை உழைத்தால் ஓடக்கூடியது ஏறத்தாழப் பாதிதான். கால்களுக்கு அது ஏற்றந்தான். பாதை மாத்திரம் மட்டமாகத் தோன்றும். போகும்போது எதிர்த்த காற்று திரும்பும்போது தள்ளுமே என்றால், மலைக்கணக்கே இதற்கும் கணக்கு. போகும்போது 10, வரும்போது 30 என்றாலும் சராசரி இருபதன்று, பதினைந்து.

படுவான்கரையிலிருந்து எழுவான்கரைப் பள்ளிக்கூடங்களுக்கு வரும் பிள்ளைகள், முன்பு மண்முனைத்துறையிலே பாதை எனப்படும் மிதவைப் படகிலே சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடந்தனர். 2014 இல் அங்கே பாலம் அமைந்தது. வலையிறவிலும் பட்டிருப்பிலும் முன்னரே பாலங்கள் உண்டு. பாலம் வந்தபின் படகுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சமாயிற்று, காற்று மிச்சமாகவில்லை. வாவியின் நடுவே மறைப்பதற்கு ஒரு மரமும் இல்லை. முன்னே சென்று காற்றை உடைத்துத் தருவதற்கு ஒரு கூட்டமும் இல்லை.

ஆறு கிலோமீற்றர் தொலைவிலிருந்து வரும் ஒரு பிள்ளையை எண்ணிக்கொள்ளலாம். உயரமான பழைய சைக்கிள், அப்பாவுடையது. கரியரிலே இரண்டாம் வகுப்புப் படிக்கும் தங்கை, மடியிலே இருவருடைய புத்தகப் பைகளும். காற்றில்லாத நாளிலே அப்பிள்ளைக்குப் பதினெட்டு நிமிடம் செல்லும். ஆதலால் ஏழு மணிக்குப் புறப்பட்டால் முதல் மணிக்கு முன் முகங்கழுவிக்கொள்ளவும் நேரம் இருக்கும். வாடை எதிர்க்கும் நாளிலே அதே தூரத்துக்கு முப்பத்தாறு நிமிடம். அன்றும் அப்பிள்ளை ஏழு மணிக்கே புறப்படுகின்றது. வீட்டிலே மணிக்கூடு ஏழு என்று காட்டுகின்றதேயன்றி, பாலத்தின்மேல் காற்று எப்படி என்று காட்டுவதில்லை. ஏழரைக்கு மணி அடித்து, வாயிற்கதவு சாத்தப்பட்டு, பிந்தி வருவோரின் பெயர் எழுதும் கொப்பி மேசைமேல் விரிக்கப்படுகின்றது. அந்நேரம் அப்பிள்ளை பாலத்தைக் கடந்துவிட்டது. மழைத்தூறல் முகத்திலே அடிக்க, கைபிடியின்மேல் குனிந்து, இன்னும் ஒரு கிலோமீற்றர் மிதிக்கவேண்டியிருக்கிறது.